போர்வெல் தண்ணீர் கூலன்டுக்கு ஈடாகாது

"வேலூர் வெயிலுக்குக் கூலன்ட் எதற்கு, போர்வெல் தண்ணீரே போதும்" என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றிவரும் செய்தி தவறு. வண்டி எஞ்சினைக் குளிர்விக்க ரேடியேட்டரில் ஊற்றும் திரவமான கூலன்ட் உறைபனிக்கு மட்டுமானதன்று. அது கொதிநிலையை உயர்த்துவதோடு, அதில் கலந்துள்ள அரிப்புத் தடுப்பான்கள் ரேடியேட்டரையும், டேஷ்போர்டுக்குள் மறைந்திருந்து, சூடான கூலன்டைக் கொண்டு வண்டிக்குள் வெப்பக்காற்று தரும் ஹீட்டர் கோரின் மெல்லிய அலுமினியக் குழாய்களையும் காக்கின்றன. பாலாற்றுப் படுகையில், குறிப்பாகத் தோல் தொழிற்சாலைகள் சூழ்ந்த ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பக்கங்களில், பல இடங்களில் நிலத்தடி நீரில் உப்பு மிகுதி. அதிலுள்ள குளோரைடு அலுமினியத்தில் ஊசித்துளை இடும், கடினநீரின் உப்போ குழாயினுள் வெள்ளையாகப் படியும் (வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் நாம் தினமும் சுரண்டுவது அதைத்தான்). காலடி விரிப்பில் ஈரம் மட்டும் இருந்தால் அது ஏசி நீராகவும் இருக்கலாம்; இனித்த வாடையும், முன்கண்ணாடியில் பிசுபிசுத்த படலமும் சேர்ந்தால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது என்றே கொள்ளலாம். புதிய ஹீட்டர் கோரைப் பொருத்துமுன் பழைய துருநீரை முழுதும் கழுவி வெளியேற்றி, வண்டியின் கையேடு குறிப்பிடும் வகைக் கூலன்டையே ஊற்ற வேண்டும். அடர் கூலன்டாக வாங்கினால், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கலக்க வேண்டும். நிறத்தைப் பார்த்து வாங்குவது வீண், ஏனெனில் கூலன்டின் நிறத்துக்குப் பொது விதி ஏதும் இல்லை.