மூணு வாழைப்பழமாம், எந்த வாழைப்பழம்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓவனிலிருந்து நான் வெளியே எடுத்ததற்கு என்ன பெயர் வைப்பது என்று இன்னும் தெரியவில்லை. மேலே கருகியிருந்தது. நடுவில் வெடித்திருந்தது. கத்தியை உள்ளே விட்டால் உளுந்தங்களி மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. பனானா பிரெட், அதாவது வாழைப்பழக் கேக், என்றுதான் தொடங்கினேன். வாசனை மட்டும் அபாரம். பக்கத்து வீட்டு மாமி மதில் பக்கம் வந்து, "என்ன மக்களே, கேக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இல்லை என்று சொல்லவும் முடியவில்லை, ஆமாம் என்று ஒரு துண்டு வெட்டிக் கொடுக்கவும் முடியவில்லை.

தப்பு என்னுடையது இல்லை. தயவுசெய்து அதை மட்டும் சொல்லாதீர்கள். நான் பார்த்த சமையல் வீடியோவில் சொன்னதை ஒன்று விடாமல் செய்தேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னது இதுதான்: "நல்லா பழுத்த வாழைப்பழம் மூணு எடுத்துக்கோங்க."

மூணு. எந்த வாழைப்பழம் தாயே?

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரியிடம் வந்து "வாழைப்பழம் மூணு" என்று சொல்வது, நகைக்கடைக்குள் போய் "நகை மூணு கொடுங்க" என்று கேட்பது மாதிரி. எங்கள் ஊர்ப் பழக்கடை வாசலில் நின்று ஒரு தடவை அண்ணாந்து பார்த்தால் போதும். கயிற்றில் வரிசையாகக் குலைகள் தொங்கும். மட்டி ஒரு பக்கம், விரல் விரலாக. ஏத்தன், அதாவது நேந்திரம், ஒரு பக்கம், குழந்தையின் முழங்கை நீளத்துக்கு. செவ்வாழை, ரசகதலி, பாளையங்கோட்டான், சில நாள் துளுவன். "பழம் வேணும்" என்று மட்டும் சொன்னால் அண்ணாச்சி அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார், என்ன பழம் என்று சொல்லும் வரைக்கும். சொன்ன பிறகு குலையிலிருந்து அறுத்துத் தராசில் வைப்பார். முள் அந்தப் பக்கம் சாய்ந்தால் ஒரு பழத்தைத் திருகி எடுத்துவிடுவார். ஒரு பழம்! அதைக்கூட விட மாட்டார். பழம் விற்கிறவருக்கு இருக்கிற எடைக் கவலை, அந்தப் பழத்தை வைத்துக் கேக் சொல்லிக் கொடுக்கிறவருக்குக் கிடையாது.

இது எனக்கு இரண்டாவது தோல்வி. முதல் தடவை மட்டிப்பழத்தில் செய்தேன். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம், எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு முதல் முதலாகப் பிசைந்து ஊட்டுகிற பழம், வாசனைக்கு அதை அடிக்க ஆள் இல்லை. சரி, நம் ஊர்ப் பெருமையைக் கேக்கிலும் காட்டுவோம் என்று மூன்று மட்டியை எண்ணிப் போட்டேன். மாவில் கரண்டியை நட்டால் கொடிக்கம்பம் மாதிரி நின்றது. வெந்து வந்தது கேக் இல்லை, செங்கல். என் தம்பி அதைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்து, "அஸ்திவாரத்துக்கு இன்னும் எத்தன வேணும்?" என்று கேட்டான்.

அதனால்தான் இந்தத் தடவை ஏத்தன். கணக்கு அங்கேயும் மூன்றுதான். எல்லாம் முடிந்து, பாத்திரத்தைக் கூட ஊறப் போட்டுவிட்டு, ஆத்திரம் தாங்காமல் மறுநாள் காலையில் அதே கடைக்குப் போய் இரண்டு ரகத்திலும் மும்மூன்று பழம் வாங்கி வந்து தோலை உரித்துத் தராசில் வைத்தேன். மட்டி மூன்றும் சேர்ந்து 130 கிராம். ஏத்தன் மூன்றும் சேர்ந்து 465 கிராம். ஒரே வரி, ஒரே "மூணு", வித்தியாசம் மூன்றரை மடங்கு! இதில் ஒன்று செங்கல், ஒன்று களி. நடுவில் எங்கேயோ ஒரு பனானா பிரெட் இருந்திருக்க வேண்டும்.

இந்த "மூணு" எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அமெரிக்கக் குறிப்பிலிருந்து வந்தது. அங்கே கடையில் வாழைப்பழம் என்றால் பெரும்பாலும் கேவண்டிஷ் என்கிற ஒரே ரகம்தான், அச்சில் வார்த்த மாதிரி ஏறக்குறைய ஒரே அளவு. நடுத்தரப் பழம் ஒன்றைத் தோலுரித்தால் 118 கிராம் என்று அந்நாட்டு விவசாயத் துறையே கணக்கு வைத்திருக்கிறது. மூன்று என்றால் சுமார் 350 கிராம். அவர்களுக்கு அது போதும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அதை அப்படியே தூக்கி வந்து தமிழில் பேசி, பின்னால் புல்லாங்குழல் இசையும் போட்டவர்களைத்தான் சொல்கிறேன். ரகத்தை மாற்றினால் எடை மட்டுமா மாறுகிறது? ஏத்தனில் மாவுச்சத்து அதிகம், தோல் கறுத்துத் தொய்ந்தால்தான் மசியும், நடுத்தண்டு அப்போதும் நார் நாராக நிற்கும். ரசகதலியில் சில பழத்துக்குள் கல்லு கல்லாக இருக்கும், எவ்வளவு பிசைந்தாலும் கரையாது. பாளையங்கோட்டானில் ஒரு புளிப்பு உண்டு. அந்தப் புளிப்பு சோடா உப்புக்கு நல்ல ஜோடி, ஏனென்றால் சோடா உப்பு நன்றாகப் பொங்க ஏதாவது ஒரு புளிப்பு வேண்டும். இதில் ஒன்றையாவது யாராவது சொன்னார்களா? "எந்தப் பழம் போட்டாலும் நல்லா வரும் டியர்" என்றுதான் கேட்ட எனக்குப் பதில் வந்தது. கூடவே இரண்டு சிவப்பு இதயம்.

பழத்தை விடுங்கள், அடுத்து கப். ஒன்றரை கப் மைதா. எந்தக் கப்? என் வீட்டு டீ கப்பில் தண்ணீர் ஊற்றி அளந்தால் 160 மில்லி. அம்மா வைத்திருக்கிற, கல்யாண வீட்டில் கொடுத்த மக் 310 மில்லி. சரி, அளவுக் கப் செட்டே வாங்கிவிட்டோம் என்று வையுங்கள். அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. ஸ்பூனிலும் நிம்மதி இல்லை, பெரிய ஸ்பூன் என்றால் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் மட்டும் 20. கேக் குறிப்பைப் படிக்கும் முன்னால் அதை எழுதினவர் எந்த நாட்டுக்காரர் என்று பாஸ்போர்ட் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. ஒரே கப்பில் ஒரே மைதாவை நானே இரண்டு விதமாக அள்ளிப் பார்த்தேன். ஸ்பூனால் மெல்ல நிரப்பி மேலே கத்தியால் வழித்துவிட்டால் 120 கிராம். கப்பையே டப்பாவுக்குள் விட்டு அரிசி அள்ளுகிற மாதிரி அழுத்தி அள்ளினால் 150. ஒன்றரை கப்புக்கு 45 கிராம் அதிகம். என் செங்கல்லின் மீதி ரகசியம் அங்கேதான் இருந்தது. அரிசி அள்ளிப் பழகிய கை வேறு எப்படி அள்ளும்?

இப்படிச் சொன்னால் உடனே ஒருவர் கிளம்பி வருவார்: "அந்தக் காலத்துல பாட்டி எல்லாம் தராசு வெச்சா சமைச்சாங்க? எல்லாம் கண்ணளவு, கைப்பக்குவம்." ஐயா, என் பாட்டி கண்ணளவில் செய்தது குழம்பு. குழம்பில் உப்பு குறைந்தால் போடலாம், புளி கூடினால் தண்ணீர் ஊற்றலாம், கடைசி நிமிஷம் வரை மன்னிக்கும். பலகாரம் என்று வந்துவிட்டால் அதே பாட்டி உழக்கைக் கையில் எடுத்துவிடுவாள். முந்திரிக்கொத்துக்குப் பயறு இத்தனை உழக்கு என்றால் சர்க்கரையும் அதே உழக்கில்தான். வேறு யாராவது வேறு பாத்திரத்தில் அளந்தால் கையிலேயே ஒன்று போடுவாள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு பித்தளை உழக்கு, அதிலேயே எல்லாவற்றையும் அளந்ததால் விகிதம் தப்பவில்லை. இங்கே மைதா கப்பில், பழம் எண்ணிக்கையில், வெண்ணெய் "ஒரு ஸ்டிக்", சோடா உப்பு "கொஞ்சம்". பாட்டியை இழுக்காதீர்கள், அவள் என் கட்சி.

கேக் மாவு குழம்பு மாதிரி காத்திருக்காது, அதுதான் என் பிரச்சினையே. பழமும் தயிரும் சோடா உப்பும் ஒன்றாகச் சேர்ந்த நிமிஷத்திலிருந்து வாயு வெளியேறத் தொடங்கிவிடும். "மாவு கெட்டியா இருந்தா கொஞ்சம் பால் சேர்த்துக்கோங்க, தளர்வா இருந்தா கொஞ்சம் மாவு சேர்த்துக்கோங்க" என்று வீடியோவின் கடைசியில் ஒரு அறிவுரை வரும் பாருங்கள். அதைக் கேட்டுக் கொஞ்சம் பால், கொஞ்சம் மாவு, மறுபடி கொஞ்சம் பால் என்று கலக்கிக்கொண்டே இருந்தால், பொங்க வேண்டியது எல்லாம் பாத்திரத்திலேயே பொங்கி முடிந்துவிடும். கலக்கக் கலக்க மைதாவும் இழுவையாகும். ஓவனுக்குள் போவது மீதிதான்.

அந்த "ஸ்டிக்" என்பது 113 கிராம். நம் கடையில் கிடைப்பது 100 கிராம் பாக்கெட், 500 கிராம் பாக்கெட். அந்த 13 கிராமுக்கு எங்கே போவது? முட்டை மூன்று என்றார்கள், நாட்டுக்கோழி முட்டையா பிராய்லர் கடை முட்டையா தெரியாது. ஒருவர் ஓவனை 350-இல் வைக்கச் சொன்னார். என் ஓவனில் முள் 250-க்கு மேல் திரும்பாது. அது ஃபாரன்ஹீட் என்று கண்டுபிடிக்கவே எனக்கு அரை மணி நேரம் ஆனது.

போன கிறிஸ்துமஸ் கதை தனி. பிளம் கேக்குக்குக் கிராம்புத்தூள் "ஒரு டீஸ்பூன்". என் கையில் இருந்தது மாறாமலை எஸ்டேட்டுப் பக்கமிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த கிராம்பு. கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021-இல் புவிசார் குறியீடு கொடுத்தது சும்மா இல்லை, எண்ணெய் அப்படி. வருஷக்கணக்காகக் கடையில் காய்ந்த கிராம்பும் இதுவும் ஒன்றா? கேக்கை வெட்டியதும் வீடு முழுக்கப் பல் ஆஸ்பத்திரி வாசனை. பெரியப்பா ஒரு துண்டு தின்றுவிட்டு, கடவாய்ப் பல்வலி கேட்டுவிட்டது என்று சொன்னார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

இவர்களிடம் தராசு இல்லையா? சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் தராசு கிடைக்கிறது. வட்ட விளக்கு வாங்கியிருக்கிறார்கள், சுழலும் மேடை வாங்கியிருக்கிறார்கள், க்ரீம் பிழிய இருபத்து நான்கு மூக்கு வாங்கியிருக்கிறார்கள். மைதா 180, உரித்த பழம் 350, வெண்ணெய் 115 என்று மூன்று எண்ணைத் திரையில் போட்டால் எத்தனை பேருக்கு மைதா மிச்சம், முட்டை மிச்சம், கரண்ட் மிச்சம்!

நேற்று மூன்றாவது தடவை. ஏத்தனே தான், உரித்து 350 கிராம், ஒவ்வொன்றையும் தராசில் வைத்து. மேலே பொன்னிறம், உள்ளே ஈரப்பதமாக மெத்து மெத்தென்று வந்தது. மைனிக்கு, அதாவது அண்ணிக்கு, ஒரு பாதியைக் கொடுத்துவிட்டேன். ராத்திரி, "கொள்ளாமே மக்களே, அளவு அனுப்பு" என்றார்கள். நானும் கொதிப்பு அடங்காமல் எல்லாவற்றையும் கிராமில், ஒன்று விடாமல் தட்டி அனுப்பினேன்.

பத்து நிமிஷத்தில் போன் வந்தது.

"மக்களே, பழம் முந்நூத்தம்பது கிராம்னு போட்டிருக்கியே, அது எத்தன பழம்?"

காலையில் வரும்போது தராசை எடுத்துக்கொண்டு வருகிறேன் மைனி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.