நாள் தள்ளிப் போவதற்கு முன்னால்

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதமே "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்க ஆள் இருக்கிறது. "ரத்தம் சோதித்தாயா, தைராய்டு பார்த்தாயா?" என்று கேட்கத்தான் ஆள் இல்லை. முக்கூடல், சேரன்மகாதேவி, அம்பை, எங்கே போனாலும் இதே கதைதான்.

பெண் சமைந்தால் உளுந்தங்களியில் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு ஊட்டுகிற ஊர் இது. பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். அப்புறம் கர்ப்பம் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்தால் பிக்மி எண் என்கிற கர்ப்பப் பதிவு எண், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகை என்று வரிசையாக வரும். பிரசவம் பார்ப்பதில் தமிழ்நாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். நடுவில் இருக்கிற வருஷங்களில்தான் அவளை யாரும் கவனிப்பதில்லை.

மூளையும் தண்டுவடமும் உருவாகிற நரம்புக் குழாய், கரு உண்டாகி சுமார் 28 நாளில் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப் போய், இன்னும் ரெண்டு வாரம் பார்ப்போம் என்று இருந்து, அத்தையிடம் சொல்லி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்குள் அந்த வேலை முடிந்திருக்கும். அந்தக் குழாய் சரியாக மூட உதவுகிற ஃபோலிக் அமிலத்தை தினம் 400 மைக்ரோகிராம் வீதம் ஒரு மாதமாவது முன்கூட்டியே தொடங்கச் சொல்வது அதனால்தான். கருவைப் பாதிக்கிற ரூபெல்லா அம்மைக்கான தடுப்பூசியும் அப்படித்தான், கர்ப்பமான பிறகு போட முடியாது.

எனக்கு ஆத்திரம் வருவது மாத்திரையை மறைக்கிற பழக்கத்தைப் பார்த்துத்தான். பெண்ணுக்குத் தைராய்டு என்றால் சம்பந்தம் பேசும்போது வாயே திறக்க மாட்டார்கள். போன வீட்டில் அவள் டப்பாவைச் சேலைக்கு அடியில் ஒளித்து, ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்கி, கடைசியில் நிறுத்தியே விடுகிறாள். முதல் மூன்று மாதம் வயிற்றுப் பிள்ளை தாயின் தைராய்டு சுரப்பை நம்பித்தான் இருக்கிறது. வலிப்பு மாத்திரை இன்னும் சிக்கல். வால்ப்ரோயேட் போன்றவை கருவுக்கு ஆகாது. தானாக நிறுத்தினாலோ வலிப்பு வந்து தாய்க்கே ஆபத்து. டாக்டரிடம் முன்பே பேசி மாற்ற வேண்டிய விஷயம் இது. அதைப் பேசவே முடியாதபடி வைத்திருக்கிறோம்.

ரத்தசோகையும் ஒரு வாரத்தில் சரியாகிற காரியமில்லை, மாதக்கணக்கில் ஆகும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். சொளவை மடியில் வைத்து நாள் முழுக்கப் பீடி சுற்றுகிறவளிடம் "புகையிலைத் தூள் ஆகாதும்மா" என்று சொல்லக்கூட வயிறு தெரிகிற வரை காத்திருக்கிறோம்.

இத்தனைக்கும் புதிதாகப் பணம் கொட்ட வேண்டியதில்லை. நர்ஸம்மாவிடம் பிள்ளை பெறும் வயதில் உள்ள தம்பதிகளின் பெயர் எழுதுகிற 'தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு' ஏற்கெனவே இருக்கிறது. குடும்பக் கட்டுப்பாட்டுக்காக வைத்திருப்பது. பெயர் எழுதுகிற அன்றைக்கே ஹீமோகுளோபின், சர்க்கரை, பிரஷர் பார்த்து ஃபோலிக் மாத்திரையும் கையில் கொடுத்தால் என்ன?

புதுசாகக் கல்யாணமானவள் டாக்டரிடம் போனால் "ஏதோ குறை போல" என்று பேசுவார்களாம். பேசுவார்கள்தான். மாப்பிள்ளையும் கூடவே போகட்டும். பீடி, சிகரெட், குடி, சர்க்கரை என்று அவரிடம் கேட்கவும் டாக்டருக்கு நிறைய இருக்கிறது.