ஜெபக் குறிப்பும் சிறுகதையும்

கொழும்பில் நாங்கள் நடத்துகிற கிறிஸ்தவப் பெண் எழுத்தாளர் வட்டங்களைப் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகக் கதைக்க வேண்டும். நானும் ஒன்றில் இருக்கிறேன். பேர் சொல்லப் போவதில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் தேட வேண்டாம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, வத்தளை என்று பல பக்கமிருந்தும் வருகிறோம், மெதடிஸ்த, அங்கிலிக்கன், கத்தோலிக்க, பெந்தெகொஸ்தே எல்லாம் கலந்துதான். சனிக்கிழமை பின்னேரம் கூடினால் ஒரு பாட்டு, தியானம், ஜெபக் குறிப்புகள் (எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் சொல்வது), அப்புறம் யாராவது தான் எழுதியதை வாசிப்பார், எல்லாரும் "அருமை அக்கா, கர்த்தர் உங்களைப் பயன்படுத்துகிறார்" என்போம், பட்டீஸும் பிளேன்டீயும் வரும், இருட்ட முன் பஸ் பிடிக்க வேண்டுமென்று கலைந்துவிடுவோம்.

என் மனக்குறை இதுதான். ஜெபத்துக்கென்று சொன்னது வெளியே போகிறது, எழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது வாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது.

ஒரு அக்கா தன் மகளின் விவாகரத்து வழக்கைப் பற்றி அழுதழுது சொல்லி ஜெபிக்கக் கேட்டார். சில மாதங்களில் அது இன்னொருவரின் சிறுகதையாக வந்தது. ஊரும் பேரும் மாறியிருந்தன, மகள் அன்றைக்குச் சொன்ன ஒரு வசனம் மட்டும் அப்படியே இருந்தது. அந்த அக்கா பிறகு வரவில்லை. ஏன் என்று தலைவி கேட்கவில்லை, "அவவுக்காக ஜெபிப்போம்" என்றார். எழுதியவரோ, எழுத்தாளருக்குக் கண்டது கேட்டது எல்லாம் கருதான் என்கிறார். சரி, பஸ்ஸில் காதில் விழுந்ததை எழுதுங்கள், நானும் எழுதுகிறேன். கண்ணை மூடிக் கையைப் பிடித்துக்கொண்டு இருக்கும்போது ஒருத்தி நம்பிச் சொன்னது அப்படியல்ல. அவளிடம் கேட்காமல் அதைத் தொடக்கூடாது என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவைப்பது தலைவியின் வேலை, அது பிடிக்காதவர் வேறு வட்டம் பார்க்கட்டும்.

அதே சிறுகதையின் முடிவில் வானத்திலிருந்து ஒரு குரல் கேட்டு எல்லாரும் மனந்திரும்புகிறார்கள். அதைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை! எங்களுக்கு அன்பு என்றால் பாராட்டு. குறை சொன்னால் ஆவிக்குரிய ஐக்கியம் கெட்டுப்போகுமாம். வேதாகமத்தில் வரும் தெபோராளை வைத்து எத்தனை தியானம் செய்திருப்போம், பேரீச்ச மரத்தடியில் நியாயம் விசாரித்தவள், படையை எழுப்பியவள் என்று. அவள் பாட்டும் பாடியவள் என்பதையும், நியாயாதிபதிகள் 5ஆம் அதிகாரத்தில் உள்ள அந்தப் பாட்டிலே போருக்கு வராமல் இருந்துவிட்ட ரூபன், தாண், ஆசேர் கோத்திரங்களைப் பேர் சொல்லியே குத்திக்காட்டுகிறாள் என்பதையும் நாங்கள் கடந்துபோய்விடுகிறோம். அவ்வளவு காரம் எங்களுக்கு வேண்டாம்தான். பிரிஸ்கில்லாள் செய்தது போதும். அப்பொல்லோ வாக்கு வல்லமையுள்ள ஆள், ஜெப ஆலயத்தில் தைரியமாகப் பேசுகிறான், விஷயம் முழுதாகத் தெரியாது. அவளும் கணவன் ஆக்கில்லாவும் அவனைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு இன்னும் திட்டமாக விளக்கினார்கள் என்று அப்போஸ்தலர் 18இல் இருக்கிறது. அதுபோல ஒரு அன்ரி ஒரு தங்கச்சியின் கையெழுத்துப் பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய், பென்சிலால் குறித்து, இந்த இரண்டாம் பக்கம் தேவையில்லை பிள்ளை, இந்த மாமியார் ஏன் இப்படிக் கதைக்கிறா என்று இருந்து சொல்லிக்கொடுத்தால் அதைவிட ஐக்கியம் என்ன இருக்கிறது?

எங்கள் முன்னோரிடம் அந்தத் துணிவு இருந்தது. மங்களநாயகம் தம்பையா 'நொறுங்குண்ட இருதயம்' நாவலை வெளியிட்டது 1914இல். தலைப்பு 51ஆம் சங்கீதத்திலிருந்து, உள்ளே இருப்பது கலியாணத்துக்குள் ஒரு பெண் படுகிற பாடு. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவப் பெண் ஒருவர் அந்தக் காலத்திலேயே அதை எழுதி அச்சிலும் போட்டுவிட்டார். இன்றைக்கு எங்கள் வட்டத்தில் குடிகாரக் கணவன் என்று ஒரு வரி வந்தாலே, சபையில் என்ன நினைப்பார்கள் என்று கேட்பதற்கு ஆள் இருக்கிறது.

தலைவியை நான் கெட்டவர் என்று சொல்லவில்லை. யாருக்காவது ஒப்பரேஷன் என்றால் முதலில் சாப்பாட்டோடு போய் நிற்பவர் அவர்தான், அது பெரிய காரியம், அதை வேறு எந்த இலக்கிய அமைப்பிலும் நான் கண்டதில்லை. ஆனால் பல வருடமாக அவரே தலைவி, ஒவ்வொரு ஆண்டுப் பொதுக்கூட்டத்திலும் "அக்காவே இருக்கட்டும்" என்று ஒரு குரல், எல்லாரும் கைதட்டல், முடிந்தது. வட்டத்தின் காசும் நேரமும் நூல் வெளியீட்டுக்கே போகிறது: மண்டபம், பொன்னாடை, முதற்பிரதி வாங்க ஒரு தொழிலதிபர், நயவுரைக்கு ஒரு போதகர் (புத்தகத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்). 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கடதாசியும் அச்சும் விற்கிற விலையில், பிழை திருத்தாத புத்தகத்துக்கு இவ்வளவு செலவழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. புத்தகத்துக்கான சர்வதேச எண்ணான ஐஎஸ்பிஎன் எடுக்க தேசிய நூலக சபைக்கு யாரைக் கொண்டு விண்ணப்பிப்பது, இலங்கைத் தமிழ் நூல்களைச் சேர்த்துவைக்கும் 'நூலகம்' இணையத்தளத்தில் ஏற்ற ஒரு பிரதி யார் கொடுப்பது, இதையெல்லாம் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு ஒரு தலைவி, வாசித்துத் திருத்தத் தனியாக இருவர், ஜெபக் குறிப்பு அறையைவிட்டு வெளியே போகாது என்று எழுத்தில் ஒரு விதி. அடுத்த பொதுக்கூட்டத்தில் இந்த மூன்றையும் கேட்கப் போகிறேன், "அக்காவே இருக்கட்டும்" என்ற குரல் வருவதற்கு முன்பே. என் பக்கம் கை தூக்க யாராவது இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், வராமல் நின்றுவிட்ட அந்த அக்காவையும் போய்க் கூப்பிட வேண்டும், தனியே போக எனக்குத் தயக்கமாக இருக்கிறது.