சந்திரமுகிக்கு முன்னாடி ஆப்தமித்ரா

"சந்திரமுகிக்கு மலையாள மணிச்சித்ரத்தாழை (1993) அப்படியே எடுத்தாங்க, ராரா பாட்டு மட்டும் ரஜினிக்காகச் சேர்த்தது"ன்னு ஒரு தம்பி எழுதியிருக்கார். தப்பு. நடுவுல கன்னட ஆப்தமித்ரா (2004) இருக்கு. அதையும் பி. வாசுதான் இயக்கினார். தெலுங்கு 'ராரா' அதிலேயே வந்தாச்சு. ரஜினியோட ராஜா வேஷமும் அங்கிருந்துதான். மலையாளத்துல மோகன்லாலுக்கு டாக்டர் வேஷம் மட்டுமே.

பேயோட மொழியை ஏன் மாத்தினாங்க? மலையாளத்துல அந்தப் பேய், நடனக்காரி நாகவல்லி, தஞ்சாவூர்க்காரி. கங்காவா நடிச்ச ஷோபனா குரல் மாறி, கண்ணை உருட்டித் தமிழ் பேசற நொடியிலதான் கேரளத்து ரசிகருக்கு 'இது கங்கா இல்ல'ன்னு உறைக்கும். தமிழ்ப் படத்துல அது செல்லாது. எல்லாரும் பேசறதே தமிழ். அதான் ஆப்தமித்ராவோட தெலுங்கே இங்கயும். ஆனா காட்பாடி தாண்டினா சித்தூர். நம்ம வேலூர்ப் பக்கம் பலருக்குத் தெலுங்கு வீட்டுப் பேச்சு, அந்தத் திடுக்கிடல் இங்க கொஞ்சம் குறைவுதான்.