டி-டேயில் கறுப்பினச் சிப்பாய்களும் இறங்கினார்கள்

'இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் வேல்ஸில் தங்கிய அமெரிக்கக் கறுப்பினச் சிப்பாய்கள் மூட்டை தூக்கியதோடு சரி, பிரான்ஸின் நார்மண்டியில் இறங்கியது வெள்ளையர் மட்டுமே, இவர்களுக்கு எதற்கு நினைவுச்சின்னம்?' என்று ஒருவர் கேட்கிறார்.

பாதிதான் சரி. பெரும்பாலானோரை சரக்கு, லாரி வேலைக்கே அனுப்பினார்கள். அந்த ராணுவம் நிறம் பார்த்துப் பிரித்தே வைத்திருந்தது. ஆனால் தெற்கு வேல்ஸில் பான்டிபூல் பக்கத்து வீடுகளில் தங்கியிருந்த 320ஆவது தடுப்பு பலூன் பட்டாலியனின் சிப்பாய்கள் கறுப்பினத்தவர்தான். நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கிய டி-டே நாளான 1944 ஜூன் 6 அன்றே, அங்குள்ள ஒமாஹா, யூட்டா கரைகளில் இறங்கினார்கள். எஃகுக் கம்பியில் ஹைட்ரஜன் பலூன்களைக் கட்டிப் பறக்கவிட்டு, எதிரி விமானம் தாழ வராமல் தடுப்பது அவர்கள் வேலை. அந்தப் பட்டாலியனின் மருத்துவ உதவியாளர் வேவர்லி உட்சன், தானே காயம்பட்டும் 30 மணி நேரம் கரையில் சிகிச்சை கொடுத்தார். அதற்குரிய உயர் விருது அறிவிக்கப்பட்டது 2024இல். அவர் 2005இலேயே இறந்துவிட்டார்.