வேதாகமத்தில் 365 முறை ‘பயப்படாதே’ இருக்கிறதா?

“நாளுக்கு ஒன்று வீதம் வேதாகமத்தில் 365 முறை ‘பயப்படாதே’ என்கிறார் தேவன். பத்துப் பேருக்கு அனுப்புங்கள், அனுப்பாவிட்டால் ஆசீர்வாதம் தவறிப்போகும்” என்ற வாட்ஸ்அப் செய்தி மீண்டும் சுற்றுகிறது. பயப்படாதே என்று சொல்லிவிட்டு, கடைசி வரியிலேயே பயமுறுத்துகிறது!

அந்த எண்ணிக்கை தவறு. ஒத்தவாக்கிய அகராதியிலோ (ஒரு சொல் எந்தெந்த வசனங்களில் வருகிறது என்று காட்டும் நூல்) வேதாகமச் செயலியின் தேடலிலோ பாருங்கள். ‘பயப்படாதே’, ‘பயப்படாதிருங்கள்’ போன்ற வடிவங்களைக் கூட்டினாலும், மொழிபெயர்ப்பைப் பொறுத்து நூறையொட்டித்தான் வரும்.

எல்லாவற்றையும் தேவன் சொல்லவும் இல்லை. ஆதியாகமம் 35:17-இல் பிரசவ வேதனையிலிருக்கும் ராகேலிடம் அப்படிச் சொல்பவள் மருத்துவச்சி. 2 சாமுவேல் 13:28-இல் தன் சகோதரன் அம்னோனைக் கொல்லும்படி வேலைக்காரரை ஏவும் அப்சலோம், பயப்பட வேண்டாம் என்கிறான். இதையும் எந்த நாளின் வாக்குத்தத்தமாக எண்ணுவது?

சுட்டிக்காட்டினால், “நல்ல செய்திதானே, விடுங்கள்” என்பார்கள். ஆறுதல் தருவதாலேயே அது உண்மை என்று நம்மை நாமே நம்ப வைக்கிறோம். தவறு என்று தெரிந்தவர்களும் சபைக் குழுவில் பெயர் கெடுமே என்று வாய் திறப்பதில்லை. யோவான் 12:42 இதே பயத்தைக் காட்டுகிறது: அதிகாரிகளில் அநேகர் இயேசுவை விசுவாசித்தும், ஜெப ஆலயத்துக்குப் புறம்பாக்கப்படுவோம் என்று அஞ்சி அதை வெளிப்படையாக அறிக்கைபண்ணவில்லை.

இந்தச் செய்தி வந்தால் மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்குத் தனியாக, தன்மையாகச் சொல்லுங்கள். ஆறுதல் வேண்டுவோருக்கு ஏசாயா 41:10 (“நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்”) ஒன்றே போதும். அதை அனுப்பலாம், மிரட்டல் வரி இல்லாமல்.