மின்சாரப் பட்டை மாத்திரைக்கு மாற்று அல்ல

"தலையில் பட்டை மாட்டி மெல்லிய மின்சாரம் பாய்ச்சினால் மனச்சிதைவு நோய் தீர்ந்துவிடும், மாத்திரையே வேண்டாம்" என்று பரவும் செய்தி தவறு. அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நோய் திரும்பும் அபாயம் மிக அதிகம்.

சிகிச்சை முறை உண்மையானதுதான். உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுப் பட்டைகளைத் தலையில் வைத்து, 20 நிமிடம் 2 மில்லி ஆம்பியர் மின்சாரம் செலுத்துவார்கள். வலிப்பு வரவைக்கும் மின் அதிர்ச்சி சிகிச்சை வேறு, இது வேறு. பிரான்சின் லியோன் ஆய்வாளர்கள் 30 நோயாளிகளிடம் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், மின்சாரம் பெற்றவர்களுக்குக் இந்நோயில் யாரும் பேசாமலே காதில் ஒலிக்கும் குரல்கள் ஏறக்குறைய 31 சதவீதம் தணிந்தன. தணிந்தன, அவ்வளவே, மறையவில்லை. அவர்கள் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டுக்கொண்டே வந்தவர்கள் என்பதைத்தான் அந்தச் செய்தி மறைக்கிறது. பின்னர் நடந்த சில ஆய்வுகளில் அந்த அளவு பலனும் தென்படவில்லை.